தீவுல பத்து பேர், கரைக்குப் போக படகு இல்ல: இந்தக் கதை நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்குது?

ஒரு தீவு.
ஒரே ஒரு பங்களா.
பத்து பேர்.
கொண்டுவந்து விட்ட படகு திரும்பிப் போயாச்சு. போன் கிடையாது. முதல் நாள் ராத்திரி சாப்பாடு முடிஞ்ச கொஞ்ச நேரத்துல ஒருத்தர் மூச்சுத் திணறி விழுந்து செத்துப் போறார்.

அடுத்து என்ன ஆகும்னு மனசு கேக்குதுல்ல?

கேக்கும். அகதா கிறிஸ்டி 1939-ல எழுதின நாவல் இது. "அண்ட் தென் தேர் வேர் நன்" என்ற பேர்ல உலகம் பூரா படிக்கப்படுது. எத்தனையோ மொழியில சினிமாவாவும் நாடகமாவும் சீரியலாவும் வந்தாச்சு. இன்னிக்கு ஓடிடி-ல பனிமலை ஹோட்டல், நடுக்கடல் கப்பல், காட்டு பங்களானு எந்தக் கொலைக்கதை வந்தாலும் அதுக்கு இந்த நாவல்தான் பெரியம்மா.

நைட் டியூட்டி முடிச்சு வந்து தூக்கம் பிடிக்காம நான் படிக்கிறது பெரும்பாலும் இந்த வகைக் கதைகள்தான். "நாள் பூரா ரத்தமும் சாவும் பாத்துட்டு வந்து மறுபடி கொலைக்கதையா டாக்டர்?"னு நிறைய பேர் கேட்டாச்சு.

அதுக்கான பதில்தான் இந்த த்ரெட். கொஞ்சம் பெருசு. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். யார் கொலையாளினு எந்தக் கதையிலும் சொல்லப் போறதில்ல. பயப்படாம படிக்கலாம்.

*

தனிமையான இடத்துல நடக்கிற கொலைக்கதை ஏன் பிடிக்குதுனு கேட்டா பெரும்பாலும் வர்ற பதில், "பயமா இருக்கும் சார், அந்த த்ரில்லுக்காக."

எனக்கு அது முழுப் பதிலாத் தெரியல.

பயம் வேணும்னா பேய்க்கதை போதும். ரத்தம் வேணும்னா சைக்கோ கொலையாளி படம் போதும்.

தீவுக் கதை தர்றது வேற ஒண்ணு. அது ஒரு பட்டியல் தருது. மூடின பட்டியல்.

இந்தப் பத்து பேர்ல ஒருத்தர்தான் செஞ்சிருக்கணும். பதினோராவது ஆள் இல்ல. எங்கிருந்தோ வந்து சுவரேறிக் குதிச்ச திருடன் இல்ல. பஸ் ஏறி ஓடிப்போன ஆள் இல்ல. கடல் எல்லாக் கதவையும் பூட்டிடுச்சு.

ஒரு டாக்டருக்கு இது எவ்வளவு பெரிய சுகம்னு உங்களுக்குத் தெரியாது!

காய்ச்சல்னு ஒருத்தர் ஓபி-க்கு வர்றார். அஞ்சு நாளா காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி. எங்க மனசுல உடனே ஒரு பட்டியல் ஓடும். டெங்குவா? டைபாய்டா? மலேரியாவா? எலிக் காய்ச்சலா? ஸ்க்ரப் டைபஸா? சாதாரண வைரஸா? ஒவ்வொருத்தரையா கூண்டுல ஏத்தி விசாரிக்கிறோம். தட்டணுக்கள் எவ்வளவு? உடம்புல எங்கயாவது சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்புப் புண் இருக்கா? அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு எல்லாம் பாருங்க, ஸ்க்ரப் டைபஸ் பூச்சி கடிச்ச இடம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். வயல் வேலை, தேங்கின தண்ணியில கால் வச்சிருக்காரா? அப்ப எலிக் காய்ச்சல் மேல சந்தேகம் கூடும்.

இதுக்குப் பேரு டிஃபரன்ஷியல் டயக்னோசிஸ். சந்தேக நபர்கள் பட்டியல்னு வச்சுக்கோங்க.

ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கின ஆர்தர் கோனன் டாயில் ஒரு டாக்டர். எடின்பரோ மருத்துவக் கல்லூரியில தனக்குப் பாடம் எடுத்த டாக்டர் ஜோசப் பெல்லைப் பாத்துத்தான் ஹோம்ஸை உருவாக்கினார். நோயாளி வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே அவர் நடை, கை, துணியைப் பாத்து என்ன வேலை செய்றார்னு சொல்லக்கூடியவர் பெல். ஆக துப்பறியும் கதைக்கும் எங்க வார்டு ரவுண்ட்ஸுக்கும் ரத்த சொந்தம் உண்டு.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம். எங்க பட்டியல் மூடினது இல்ல. நாங்க எழுதின அஞ்சு பேர்ல யாருமே இல்லாம ஆறாவதா ஒரு நோய் கதவைத் தட்டும். சில நேரம் நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிடுவார், என்ன காய்ச்சல்னு கடைசி வரைக்கும் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரு கேள்விக்குறியோட எழுதிக் கொடுப்போம்.

தீவுக் கதையில அந்தக் கேள்விக்குறி கிடையாது. விடை இருக்கு. இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கு. கடைசி பக்கத்துக்குள்ள கிடைச்சிடும்.

அசதியான மனசுக்கு இதைவிட என்ன ஆறுதல் வேணும்?

*

இன்னொரு காரணம், உதவி வராது என்பது.

போலீஸ் இல்ல, லேப் இல்ல, கைரேகை நிபுணர் இல்ல, சிசிடிவி இல்ல. அங்க இருக்கிற ஆட்களோட மூளை மட்டும்தான் கருவி. அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் படிக்கிற உங்களுக்கும் தெரியும். ஆக நீங்களும் பதினோராவது ஆளா அந்தச் சாப்பாட்டு மேசையில உக்காந்து யோசிக்கலாம்.

எழுத்தாளர்களும் இதை ஒரு ஆட்டமாவே எடுத்துக்கிட்டாங்க. 1929-ல ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். 1930-ல லண்டன்ல டிடெக்‌ஷன் கிளப்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கிறிஸ்டியும் அதுல உறுப்பினர். வாசகரை ஏமாத்தி ஜெயிக்கக்கூடாது, தடயத்தை மறைக்கக்கூடாது, நியாயமா ஆடணும்னு உறுதிமொழியே எடுத்துக்கிட்டாங்க.

அப்படி நியாயமா ஆட ஒரு மைதானம் வேணும்ல? எல்லைக்கோடு போட்ட மைதானம். அதுதான் தீவு, பனியில மாட்டின ரயில், பாலம் உடைஞ்ச மலை பங்களா.

இதெல்லாம் ஆகாயத்துல இருந்து குதிச்ச கற்பனையும் இல்ல.

1929-ல நிஜமான ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் துருக்கியில பனியில மாட்டி நாள்கணக்குல நின்னுச்சு. 1931 டிசம்பர்ல கிறிஸ்டி அதே ரயில்ல திரும்பி வரும்போது மழை வெள்ளம் தண்டவாளத்தை அரிச்சு ரயில் நடுவழியில நின்னுச்சு. கூட வந்த பயணிகள் ஒவ்வொருத்தரையும் வர்ணிச்சு கணவருக்குக் கடிதம் எழுதினார். 1934-ல "மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்" வந்துடுச்சு. நாமளா இருந்தா ரயில்வேயைத் திட்டி ஒரு போஸ்ட் போட்டுட்டு விட்டிருப்போம்!

அந்தப் பத்து பேர் தீவுக்கு மாதிரியா இருந்தது இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்கு எதிர்ல இருக்கிற பர் தீவு. கரையில இருந்து கால் கிலோமீட்டர்தான். கடல் வத்தும்போது மணல்ல நடந்தே போயிடலாம். தண்ணி ஏறினா உயரமான சக்கரம் வச்ச டிராக்டர்ல ஆள் ஏத்திட்டுப் போறாங்க.

உலகத்தையே பயமுறுத்தின தீவு, உண்மையில நடந்து போற தூரம்!

இந்தக் கால எழுத்தாளர்களுக்குத்தான் கஷ்டம். செல்போன் வந்து அவங்க பொழப்பைக் கெடுத்துடுச்சு. அதனாலதான் இப்ப வர்ற எல்லாப் படத்துலயும் முதல் பத்து நிமிஷத்துல யாராவது ஒருத்தர் போனைத் தூக்கிப் பிடிச்சு "இங்க டவரே இல்லையே"னு சொல்றார். பாவம், அதைச் சொல்லாட்டி கதையே கிடையாது.

*

இந்தக் கதைகள்ல கவனிச்சீங்கன்னா ஒரு டாக்டர் அடிக்கடி இருப்பார். பத்து பேர்ல ஒருத்தர் டாக்டர் ஆர்ம்ஸ்ட்ராங். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்லயும் உடலைப் பாக்க ஒரு டாக்டர் உண்டு. போலீஸ் இல்லாத இடத்துல "இது கொலை, இத்தனை மணிக்குள்ள நடந்திருக்கு"னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல?

இங்க மட்டும் ஒரு டாக்டரா என் ஆட்சேபத்தைப் பதிவு பண்ணிக்கிறேன்.

கதை டாக்டர்கள் உடம்பைத் தொட்டுப் பாத்துட்டு "பத்தரைக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல இறந்திருக்கார்"னு சொல்லுவாங்க. அரசு மருத்துவமனையில பிரேதப் பரிசோதனை செய்ற எந்த டாக்டரும் இப்படி அரைமணி நேரக் கணக்குல எழுத மாட்டார். உடல் சூடு எவ்வளவு குறைஞ்சிருக்கு, விறைப்பு எங்க வரைக்கும் வந்திருக்கு, ரத்தம் தோலுக்கடியில எந்தப் பக்கம் தேங்கியிருக்குனு எல்லாத்தையும் பாத்து "இத்தனை மணி நேரத்துல இருந்து இத்தனை மணி நேரத்துக்குள்ள"னு ஒரு வீச்சுதான் கொடுப்போம். இங்கிலாந்துக் குளிருக்கு எழுதின கணக்கு நம்ம ஊர் கோடைக்குப் பொருந்தாது. வெயில்ல விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் போயிடும். வெளிச்சூடு உடம்புச் சூட்டுக்குக் கிட்டத்துல இருக்கும்போது உடம்பு ஆறவே ரொம்ப நேரமாகும்.

ஆனா விஷம் விஷயத்துல கிறிஸ்டிகிட்ட யாரும் வாலாட்ட முடியாது. முதல் உலகப் போர் சமயத்துல டார்க்கி ஊர் மருத்துவமனையில நர்ஸா சேவை செஞ்சு, அப்புறம் மருந்தகத்துக்கு மாறி, 1917-ல அதுக்கான தேர்வும் எழுதிப் பாஸ் பண்ணினவர். எந்த மருந்து எந்த அளவுல விஷம்னு அலமாரியில தொட்டுப் பாத்துக் கத்துக்கிட்ட அறிவு அது.

1961-ல வந்த "தி பேல் ஹார்ஸ்" நாவல்ல தாலியம் என்ற விஷம் வரும். 1977-ல கத்தார்ல இருந்து 19 மாதக் குழந்தை ஒண்ணை லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தாங்க. என்ன நோய்னு டாக்டர்களுக்குப் பிடிபடல. அந்த நாவலைப் படிச்சிட்டிருந்த ஒரு நர்ஸ், குழந்தைக்கு முடி கொட்டுறதைப் பாத்து "தாலியமா இருக்குமோ?"னு கேட்டார். பரிசோதிச்சாங்க. தாலியம்தான். வீட்டுல பூச்சி, எலிக்கு வச்ச மருந்துல இருந்து போயிருக்கு. குழந்தை பிழைச்சுக்கிச்சு.

கொலைக்கதை படிக்கிறது டைம் வேஸ்ட்னு இனிமே யாராவது சொன்னா இந்தக் குழந்தையைச் சொல்லுங்க.

*

சரி. பிடிக்கிறதுக்குக் காரணம் பாத்தாச்சு. இப்ப நான் உண்மையில சொல்ல வந்த விஷயம்.

அந்தத் தீவுல இருக்கிற பத்து பேர் யார் யாருனு பாருங்க. ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரு ராணுவ ஜெனரல். ஒரு டாக்டர். ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி. எப்பவும் பைபிளும் கையுமா இருக்கிற வயசான அம்மா. ஒரு பணக்கார இளைஞன். ஒரு டீச்சர். பணத்துக்காக எதையும் செய்யத் துணிஞ்ச ஒரு ஆள். அப்புறம் சமையலும் எடுபிடியும் பாக்குற கணவன் மனைவி.

வெளி உலகத்துல ஒரு கொலை நடந்தா இதுல யார் மேல முதல்ல சந்தேகம் வரும்?

வேலைக்காரங்க மேல. இல்ல பாக்கவே முரடா இருக்கிற அந்த ஆள் மேல. நீதிபதி மேல வருமா? டாக்டர் மேல? ஜெபம் பண்ற அம்மா மேல?

தீவுல வரும். வந்தே ஆகணும். ஏன்னா பட்டியல் மூடியாச்சு. "இது வெளியாள் வேலை"னு சொல்லித் தப்பிக்க வழியில்ல. பதவி, வயசு, படிப்பு, பக்தி எதுவும் ஒருத்தரைப் பட்டியல்ல இருந்து எடுத்துடாது. டாக்டர் சொல்லிட்டார்னா அதையும் அப்படியே நம்பலாமாங்கிற கேள்வியை இந்த நாவல் எவ்வளவு தூரம் கொண்டு போகுதுனு படிச்சவங்களுக்குத் தெரியும்.

இந்தக் கதைகளோட உண்மையான ஈர்ப்பு இதுதான்னு நான் நினைக்கிறேன். வாழ்க்கையில நாம கேக்கவே கூச்சப்படுற ஒரு கேள்வியை, ஒரு சாயங்கால நேரத்துக்கு, தைரியமா கேக்க விடுது.

"நம்மள்ல யாரு?"

நிஜத்துல நாம கேக்கிற கேள்வி வேற. "அவங்கள்ல யாரு?"

நகை காணோமா? வேலைக்காரம்மா. தெருவுல திருட்டா? வடமாநிலத்துப் பையன்க. குழந்தையைக் காணோமா? பிச்சை எடுக்க வந்தவங்க. நம்ம பட்டியல் எப்பவும் வாசலுக்கு வெளியதான் ஆரம்பிக்குது.

2018 மே மாசம் ஞாபகம் இருக்கா? குழந்தை கடத்துற கும்பல் சுத்துதுனு வாட்ஸ்அப்ல வதந்தி ஓடின நேரம். குலதெய்வம் கும்பிட திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கார்ல வந்த 65 வயசு அம்மா, வழியில பாத்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. ஊர் கூடி அவங்களை அடிச்சே கொன்னுடுச்சு. அவங்க கடத்தவும் வரல, யாரையும் கெடுக்கவும் வரல. அந்த ஊருக்கு வெளியாள். அவ்வளவுதான் அவங்க செஞ்ச குத்தம்.

இப்ப கணக்கைப் பாருங்க.

இந்தியாவுல குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகள்ல, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குப்படி, 90 சதவீதத்துக்கும் மேல குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிஞ்சவர். உறவினர், பக்கத்து வீடு, குடும்ப நண்பர், வாத்தியார்.

2023-ல உலகம் முழுக்க சுமார் 85,000 பெண்களும் சிறுமிகளும் திட்டமிட்டுக் கொல்லப்பட்டாங்கனு ஐ.நா. சொல்லுது. அதுல சுமார் 51,100 பேரைக் கொன்னது அவங்களோட கணவர், காதலர் இல்லாட்டி குடும்பத்து ஆள். 60 சதவீதம். ஒரு நாளைக்கு 140 பேர்.

ஆண்கள் கதை வேற. கொலையாகிறவங்கள்ல பெரும்பாலானவங்க ஆண்கள்தான். ஆனா அதுல வீட்டு ஆட்கள் கையால சாகிறவங்க சுமார் 12 சதவீதம்தான். அதாவது ஆணுக்குத் தெரு ஆபத்து. பெண்ணுக்கு வீடு.

1939-ல ஒரு அம்மா கற்பனையில தீவு கட்டி, வெளியாட்களை எல்லாம் கடலால தடுத்து நிறுத்தி, "உள்ளுக்குள்ள தேடுங்க"னு சொன்னாங்க. புள்ளிவிவரமும் அதையேதான் சொல்லுது.

*

நம்ம ஊர் ஆட்களுக்கு இது அப்பவே புரிஞ்சிருக்குனு நினைக்கிறேன்.

எஸ். பாலச்சந்தர் இயக்கி 1970-ல வந்த "நடு இரவில்" படத்தைப் பாருங்க. தீவு, பங்களா, ஒவ்வொருத்தரா சாவு. அதே சட்டகம். ஆனா ஒரு மாத்தம். கிறிஸ்டியோட தீவுல வந்து சேர்ந்தவங்க பெரும்பாலும் ஒருத்தருக்கொருத்தர் முன்பின் தெரியாதவங்க. பாலச்சந்தரோட தீவுல வந்து இறங்குறது சொந்தக்காரங்க.

தமிழ்க் குடும்பத்தை இதைவிட யாரு புரிஞ்சுக்க முடியும்! முன்பின் தெரியாத பத்து பேரை ஒரே வீட்டுல கூட்டிவைக்க கிறிஸ்டிக்குப் பொய்க் கடிதம் எல்லாம் எழுத வேண்டியிருந்துச்சு. நமக்கு ஒரு கல்யாணமோ, ஒரு சொத்துப் பத்திரமோ போதும்.

*

முகத்தைப் பாத்து ஆளைக் கணிக்க முடியாது என்பதுக்கு எங்க துறையிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கு. அதுவும் ஒரு மூடின இடத்துல கிடைச்சதுதான்.

2020 பிப்ரவரி. டைமண்ட் பிரின்சஸ் சொகுசுக் கப்பலை ஜப்பானின் யோகஹாமாவுல நிறுத்தி வச்சாங்க. 3,711 பேர். யாரும் இறங்கக்கூடாது. உள்ளே கொரோனா. கடைசியில 712 பேருக்குத் தொற்று உறுதியாச்சு.

அதுல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பரிசோதனை செஞ்ச நேரத்துல இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, ஒண்ணுமே இல்ல. அறிகுறி இல்லாதவங்ககிட்டயும் தொற்று இவ்வளவு இருக்கும்னு உலகத்துக்கு உறைக்க அந்தக் கப்பல் பெரிய காரணம். வெளிய ஒரு ஊர்ல இருமுறவங்களை மட்டும் பரிசோதிச்சிட்டிருந்தா தெரிஞ்சிருக்காது. பட்டியல் மூடியிருந்ததால, கிட்டத்தட்ட எல்லாரையும் பரிசோதிச்சதால தெரிஞ்சது.

"இவரைப் பாத்தா நல்லாத்தானே இருக்கார், இவருக்கு எதுக்கு டெஸ்ட்டு?"னு யாரையும் விட்டுடக்கூடாது. நோய்க்கும் இதே விதி. கொலைக்கதைக்கும் இதே விதி.

*

சரி டாக்டர், இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா?

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாங்க, சொல்றேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பொண்ணு வருவாங்க. கூட கணவரும் மாமியாரும். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார்." பதில் சொல்றது கணவர். பொண்ணு தரையைப் பாத்துட்டிருப்பாங்க.

விழுந்தவங்களுக்குக் காயம் பெரும்பாலும் முட்டிட்டு நிக்கிற இடத்துல இருக்கும். நெத்தி, முட்டி, முழங்கை, உள்ளங்கை. மேல்கையோட உள்பக்கம், கழுத்து, காதுக்குப் பின்னாடி, முதுகு, தடுக்கிறதுக்குத் தூக்கின முன்கையோட வெளிப்பக்கம், இங்கெல்லாம் காயம் இருந்தா யோசிக்கணும். கன்றின இடத்தோட நிறத்தை வச்சு இத்தனை நாள் ஆச்சுனு துல்லியமாச் சொல்ல முடியாது. ஆனா ஒரே உடம்புல புதுசா ஒண்ணு சிவப்பா, இன்னொண்ணு நீலமா, இன்னொண்ணு மஞ்சள் பாரிச்சு இருந்தா, எல்லாம் இன்னிக்கு விழுந்ததாங்கிற கேள்வி வரணும்.

அப்ப எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிற முதல் வேலை, கூட வந்தவங்களை வெளிய நிக்கச் சொல்றது. சிஸ்டர் மட்டும் உள்ள இருப்பாங்க. "இப்ப சொல்லும்மா, என்னாச்சு?"

சில பேர் அழுதுட்டே சொல்லுவாங்க. நிறைய பேர், "இல்ல சார், வழுக்கித்தான் விழுந்தேன்"னு மறுபடியும் சொல்லுவாங்க.

அவங்க எந்தத் தீவுலயும் இல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல வீடு. தெரு முழுக்க ஜனம். ஆனா போன் கணவர் கையில. அம்மா வீட்டுக்குப் போயி ஒரு வருஷம் ஆச்சு. சிநேகிதி யாரும் கிடையாது. சம்பளம் கிடையாது. படகு போயாச்சு.

கடலே இல்லாத தீவு இது.

கதையில வர்ற தீவுக்கும் இந்தத் தீவுக்கும் ஒரே வித்தியாசம். அங்க எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்படுறாங்க. இங்க யாரும் யாரையும் சந்தேகப்படுறதில்ல. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேக்கும். "குடும்ப விஷயம், நமக்கெதுக்கு"னு டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க. "அவர் எவ்வளவு நல்ல மனுஷன், கோயிலுக்கு எல்லாம் செய்றாரே"ம்பாங்க.

நல்ல மனுஷன் என்பது ஒருத்தரைப் பட்டியல்ல இருந்து எடுக்கிற காரணம் இல்லனு, காசு கொடுத்து வாங்கின நாவல்ல படிச்சோமே மக்களே!

2020 ஊரடங்குல வீட்டுக் கதவெல்லாம் மூடினப்போ, குடும்ப வன்முறைப் புகார்கள் கூடிடுச்சுனு தேசிய மகளிர் ஆணையமே சொல்லுச்சு. 1952-ல இருந்து லண்டன்ல இடைவிடாம நடந்துட்டிருந்த கிறிஸ்டியோட "தி மவுஸ்ட்ராப்" நாடகம் அதே ஊரடங்குலதான் நின்னுச்சு. பனியில மாட்டின விடுதி, அறுந்துபோன போன் லைன், உள்ளே ஒரு கொலையாளி. அது மேடையில நடக்கிற கதை. மேடையை மூடின அந்த மாசங்கள்ல, பல வீடுகள்ல அது திரை இல்லாம நடந்துச்சு.

*

ரெண்டு பேர் சண்டைக்கு வருவீங்கனு தெரியும். அதனால முதல்லயே பதில்.

"அப்ப வீட்டுல எல்லாரையும் சந்தேகப்படணுமா டாக்டர்? குடும்பம்னா நம்பிக்கை இல்லையா?"

இல்லங்க. எல்லாரையும் சந்தேகப்படுறது வியாதி. நான் சொல்றது, ஒரு ஆளு உடம்புல காயத்தோட நிக்கும்போது, ஒரு குழந்தை "அந்த மாமா வீட்டுக்குப் போக மாட்டேன்"னு அடம் பிடிக்கும்போது, பட்டியலை வாசலுக்கு வெளிய இருந்து ஆரம்பிக்காதீங்க. உள்ள இருந்து ஆரம்பிங்க. அவ்வளவுதான்.

"இந்த மாதிரி கொலைக்கதை படிச்சா பசங்க மனசு கெட்டுப் போகாதா?"

வயசுக்கு ஏத்ததா பாத்துக் கொடுங்க. நல்ல துப்பறியும் கதையில கொலையை ரசிச்சுக் காட்ட மாட்டாங்க. கேள்வி கேக்கத்தான் சொல்லித் தருவாங்க. பெரியவர் சொல்லிட்டார்னு அப்படியே நம்பாதே, ஆதாரம் எங்கனு கேளுனு சொல்லித் தர்ற புத்தகம் நம்ம பசங்களுக்கு அவசியம் வேணும்.

*

கடைசியா, தீவுல மாட்டினவங்களுக்குத் தேவை ஒரு படகு. அதுக்கு நம்மால முடிஞ்சது இவ்வளவு.

ஒண்ணு. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு கொஞ்சம் கொஞ்சமா எல்லாரையும் விட்டு விலகிட்டே இருந்தா, போன் எடுக்கலைனா, "அவளுக்குத் திமிரு"னு விட்டுடாதீங்க. தொடர்பை நீங்க அறுக்காதீங்க. மாசம் ஒரு தடவை "சும்மா கூப்பிட்டேன்" போதும்.

ரெண்டு. 181, மகளிர் உதவி எண். 1098, குழந்தைகள் உதவி எண். ரெண்டும் இலவசம். 24 மணி நேரமும் உண்டு. உயிருக்கு ஆபத்துனா 112. பாதிக்கப்பட்டவர்தான் கூப்பிடணும்னு இல்ல, நீங்களும் கூப்பிடலாம்.

மூணு. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, மாவட்டத்துல பாதுகாப்பு அலுவலர் இருக்கார். ஒருங்கிணைந்த சேவை மையமும் இருக்கு. அடிபட்டவர் உதவி கேட்டு வந்தா மருத்துவமனை சிகிச்சை கொடுத்தே ஆகணும்னும் அந்தச் சட்டம் சொல்லுது.

நாலு. அரசு மருத்துவமனைக்கு வந்தா நடந்ததை நடந்தபடி டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. அது விபத்துப் பதிவேட்டுல, அதாவது ஏ.ஆர். என்ட்ரியில, அப்படியே பதிவாகும். இன்னிக்கு அவங்க வழக்கு வேணாம்னு நினைச்சாலும் என்னிக்காவது ஒரு நாள் அந்த ஒரு பக்கம் அவங்களுக்குச் சாட்சி சொல்லும்.

*

வர்ற ஞாயித்துக்கிழமை மழை பெஞ்சா, மின்விசிறியைக் குறைச்சு வச்சுட்டு, ஒரு தீவுக் கதையை எடுத்து உக்காருங்க. கிறிஸ்டி கிடைச்சா கிறிஸ்டி. ஜப்பான்ல யுகிடோ அயட்சுஜி 1987-ல எழுதின "தி டெகாகன் ஹவுஸ் மர்டர்ஸ்" ஆங்கிலத்துல கிடைக்குது, ஒரு தீவு, கல்லூரி மாணவர்கள், பத்துப் பக்கச் சுவர் வச்ச வீடு. தமிழ்ல வேணும்னா சுஜாதாவோட "கொலையுதிர் காலம்", தனி பங்களாவுல கணேஷும் வசந்தும்.

யார் கொலையாளினு பாதியில கண்டுபிடிச்சிட்டா கமெண்ட்ல போடாதீங்க, அடுத்தவங்க படிக்கணும்.

படிச்சு முடிச்சு புத்தகத்தை மூடும்போது, நம்ம தெருவுல எந்த வீட்டுல இருந்து ரொம்ப நாளா யாரும் வெளிய வரலைனு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.



உங்கள் அரசு மருத்துவர்
எம்.பி.பி.எஸ்., பொது மருத்துவம்